வி-கிராஸுக்குப் புதிய ஏர் இன்டேக்: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை மாற்றும் இரண்டு ஏர் இன்டேக் கிட்டுகளில் எதை வாங்குவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தபின், உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். 2021-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 1.9 லிட்டர் டீசல், இதுவரை 58,000 கிலோமீட்டர். வீடு பெங்களூரு சர்ஜாபூர் சாலையில். மாதம் இரண்டு முறை அத்திப்பள்ளி, ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் உள்ள தோட்டத்துக்குப் போகிறீர்கள்; அதில் கடைசி ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. ஆறேழு மாதமாக வண்டி முன்போல் இழுப்பதில்லை, மைலேஜும் 13-இலிருந்து 12-க்கு இறங்கிவிட்டது. ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் திறந்த கூம்பு ஃபில்டர் கிட் ஒன்றைக் காட்டி, 15 குதிரைசக்தி கூடும், மைலேஜும் ஏறும் என்று சொல்லியிருக்கிறார். மூடிய பெட்டியோடு வரும் இறக்குமதி கிட் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவேண்டியது இதுதான்: வண்டி ஏன் சோர்ந்துபோனது, காற்றைக் கூட்டினால் அந்தச் சோர்வு தீருமா? அதற்கே பதில் எழுதுகிறேன். கடைசி வரியில் போகிற போக்கில் டயர் மாற்றியதைச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன், மறந்துவிடவில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசல் வண்டிகளோடு இருக்கிறேன். பத்து ஆண்டுகளாக விவேக்நகரில் சொந்தப் பட்டறை. வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பிக்கப்தான். பந்தயத்துக்கு மாற்றியமைக்கும் பெட்ரோல் கார்கள் என் துறை அல்ல. இங்கே சொல்வதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்கள் வண்டியின் பானெட்டை நான் திறந்து பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்றின் வழி திறக்கும், வருகிற காற்றுக்கு ஏற்ப எரிபொருள் சேரும். டீசலில் மிதிப்பது எரிபொருளைக் கூட்டுவதற்கு. காற்று எப்போதும் தேவையைவிட அதிகமாகவே உள்ளே இருக்கும். எவ்வளவு டீசல் தெளிக்கலாம் என்பதைக் கம்பெனி எழுதிவைத்த அட்டவணைப்படி இன்ஜின் கணினி தீர்மானிக்கிறது. அடுப்பில் விறகு அதே அளவு இருக்கும்போது ஊதாங்குழலால் எவ்வளவு ஊதினாலும் சாதம் ஒரு கட்டத்துக்கு மேல் சீக்கிரம் வேகாது, அதுபோலத்தான். உங்கள் இன்ஜின் கொடுப்பது 163 குதிரைசக்தி. அதில் 15 கூடவேண்டுமானால் ஒன்பது சதவீதம் கூட வேண்டும், அதற்கு ஏறக்குறைய அதே விகிதத்தில் டீசலும் கூடுதலாக எரிய வேண்டும். ஃபில்டரை மாற்றியதற்காகக் கணினி அதைக் கொடுக்காது.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருப்பதால் இன்னொன்றும் சேர்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணினி இலக்கு வைத்துக்கொண்டு, அது கிடைக்கும்வரை டர்போவின் இதழ்களைத் திருப்புகிறது. ஃபில்டர் பக்கம் தடை கொஞ்சம் குறைந்தால், டர்போ அதே அழுத்தத்தைச் சற்றுக் குறைவான உழைப்பில் எட்டிவிடும். மேனிஃபோல்டில் அழுத்தம் மாறாது. இணையத்தில் காணும் பெரிய பெரிய எண்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய பெட்ரோல் வி8 பிக்கப்களில் எடுத்தவை. அங்கே காற்று கூடினால் எரிபொருளும் கூடும், ஆகவே ஏதோ ஒரு பலன் தெரியும். அந்த எண்ணை எடுத்து 1.9 லிட்டர் டர்போ டீசல் கிட்டின் அட்டைப்பெட்டியில் ஒட்டுவது சரியல்ல.

கம்பெனிப் பெட்டி மூச்சை அடைக்கிறதா என்ற சந்தேகம் அப்போதும் இருக்கும். அதை யாரையும் கேட்க வேண்டாம், அளந்துவிடலாம். நான் பட்டறையில் செய்வதைச் சொல்கிறேன். மீன்தொட்டிக்குப் பயன்படும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் நான்கு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரப் பலகையில் அதை 'யு' வடிவில் கட்டி, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி, பாதி உயரம்வரை நீலம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு சிறிய முனை பொருத்தி, பிளாஸ்டிக் குழாயின் ஒரு நுனியை அதில் மாட்ட வேண்டும். உங்கள் ரப்பர் குழாயைத் துளைக்க வேண்டாம்; பழைய குழாய் ஒன்று வாங்கி, சோதனைக்கு மட்டும் அதைப் பொருத்துங்கள். மறுநுனி திறந்திருக்கட்டும். நெரிசல் இல்லாத ஏற்றத்தில் ஒருவர் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் இரண்டு நீர்மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். 'யு' வளைவு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். குறைந்தால் தண்ணீரே டர்போவுக்குள் போய்விடும்.

புதிய பேப்பர் ஃபில்டர் உள்ள இந்த வகைப் பிக்கப்களில் நான் பார்த்தவரை வித்தியாசம் இருபது சென்டிமீட்டர் அக்கம்பக்கம் வரும். கேட்க அதிகமாகத் தோன்றலாம். பத்து சென்டிமீட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல், ஆகவே இருபது என்றால் இரண்டு கிலோபாஸ்கல். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தமே 91 கிலோபாஸ்கல் அளவுதான். அதில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் மொத்தத் தடை. உலகின் மிகச் சிறந்த கிட் போட்டாலும் அதைப் பூஜ்யமாக்க முடியாது. பாதியாக்கினால் பெரிய சாதனை. ஆகக் கைக்கு வருவது ஒரு சதவீதம். சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ஏறி வந்தாலே காற்று பத்து சதவீதம் மெலிந்துவிடுகிறது. அதையே உங்கள் டர்போ சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடுகிறது. அந்த ஒரு சதவீதத்தைக் காலடியில் உணர்ந்தேன் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். ஒரே வண்டியை ஒரே நாளில் இரண்டு முறை சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினாலும் எண் அந்த அளவுக்கு முன்பின் வரும்.

வித்தியாசம் நாற்பது, ஐம்பது சென்டிமீட்டருக்குப் போனால் கதை வேறு. அப்போது ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று பொருள். கனரக டீசல்களில் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டினால் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்திருப்பார்கள். அதற்குத் தேவை புதிய பேப்பர் ஃபில்டர், கிட் அல்ல.

இப்போது தூசி. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் உங்கள் பாதையில் ஆறு கிலோமீட்டர் செம்மண் இருக்கிறது. ஃபில்டரின் முதல் வேலை காற்றை விடுவதல்ல, மண்ணைப் பிடிப்பது. கண்ணுக்குத் தெரியாத ஐந்து முதல் இருபது மைக்ரான் அளவுள்ள மணல்துகள்தான் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கிறது. ஃபில்டர் எவ்வளவு பிடிக்கிறது என்பதை அளக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சோதனை முறை இருக்கிறது. அளவெடுத்த தூசியை ஃபில்டரில் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்தது என்று எடை போடுவார்கள். இங்கே சதவீதத்தைப் படிப்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு ஃபில்டர் 99.5 சதவீதம், இன்னொன்று 97 என்றால், இரண்டரைதானே வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே போகிற மண்ணைக் கணக்கிடுங்கள். நூறு பங்கு மண்ணில் முதலாவது அரைப் பங்கை விடுகிறது, இரண்டாவது மூன்று பங்கை விடுகிறது. ஆறு மடங்கு! முழு வேகத்தில் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் ஏழாயிரம் லிட்டர் காற்றை இழுக்கிறது. செம்மண் பாதையில் முன்னே ஒரு டிராக்டர் போனால் அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கல் குவாரிக்குப் போய்வரும் ஒரு பிக்கப் எங்களிடம் வந்தது. ஆயில் குடிக்கிறது, புகை வருகிறது என்றார் உரிமையாளர். எங்கோ ஒரு கடையில் எண்ணெய் தடவிய பருத்திக் கூம்பு ஃபில்டர் மாட்டி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கூம்பைக் கழற்றி, அதற்குப் பின்னால் டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தில் விரலை ஓட்டினேன். சுத்தமாக இருக்கவேண்டிய இடம் அது. விரலில் சந்தனம் குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை அப்பியது. கல்தூளும் ஃபில்டர் எண்ணெயும் கலந்த பசை. டர்போவின் காற்றுச் சக்கரத்தில் இதழ்களின் முன்விளிம்பு கத்தி முனைபோல் இருக்க வேண்டும். அது உப்புத்தாளால் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தது. இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் நெடுகக் கீறல்கள். கூம்பில் கிழிசல் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாயோடு சேரும் இடத்தில் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை, ஒரு நூல் இடைவெளி இருந்தது. ஆகவே குற்றம் பருத்தியுடையதா, கிளாம்ப்புடையதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எந்த வண்டிக்கு ஃபில்டர் மாற்றினாலும் ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்தக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். துணியில் மண் நிறம் தெரிந்தால் அந்த ஃபில்டர் அன்றே வெளியேற வேண்டும்.

திறந்த கூம்பைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று வெப்பம். கம்பெனிப் பெட்டி பானெட்டுக்கு வெளியிலிருந்து காற்றை எடுக்கும்படி மூக்கு வைத்திருக்கிறது. திறந்த கூம்பு, இன்ஜின் அறையில் சுழலும் சூடான காற்றையே இழுக்கும். காற்று பத்து டிகிரி சூடானால் மூன்று சதவீதத்துக்கு மேல் மெலிகிறது. தடையைக் குறைத்துச் சம்பாதித்த ஒரு சதவீதம் சில்க் போர்டு சிக்னலில் நின்ற இரண்டு நிமிடத்தில் போய்விடும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் காப்பாற்றும், முழுதாக அல்ல. மற்றது தண்ணீர். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் எமலூர், பெள்ளந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதி எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கும் கிட்டுகள் உண்டு. அவற்றை இந்த ஊரில் தொடவே தொடாதீர்கள். தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் கொஞ்சம் போனாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சந்தேகத்துக்கு இடமானவை சில உண்டு. பருத்தி ஃபில்டரின் எண்ணெய், காற்றை அளக்கும் சென்சாரைக் கெடுக்கும் என்பது அவற்றில் ஒன்று. ஃபில்டர் தயாரிப்பவர்கள் இதை மறுக்கிறார்கள். என் அனுபவத்தில், கம்பெனி தடவிக் கொடுத்த எண்ணெயால் கெட்டதாக உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வண்டியையும் பார்த்ததில்லை. கழுவிவிட்டுத் தாராளமாக எண்ணெய் ஊற்றிய ஃபில்டர்களால் சென்சாரில் படலம் படிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் குழாயின் விட்டம் மாறுவது சந்தேகமே இல்லாத பிரச்சினை. அந்தச் சென்சார், குறிப்பிட்ட விட்டமுள்ள குழாய்க்கு என்றே அளவுசெய்யப்பட்டது. குழாய் அகலமானால், அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகப் படிக்கும். அதை நம்பி, புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வை இயக்கும் கணினி தடுமாறும். பிறகு எச்சரிக்கை விளக்கோடு என்னிடம் வருவார்கள். மிதித்தவுடன் துள்ளல் கொஞ்சம் கூடுகிறது என்று சிலர் சொல்வதை நான் முழுதாக மறுக்கவில்லை. டர்போவின் உழைப்பு குறைவதால் சிறிது இருக்கலாம். ஆனால் சத்தம் கூடுவதை வேகம் கூடுவதாகக் காது எடுத்துக்கொள்கிறது என்பதே என் எண்ணம். டர்போ மூச்சிழுக்கும் ஓசை நன்றாகவே மாறும். அந்த ஓசை பிடித்து வாங்கினால் அது நியாயமான காரணம்தான், உங்கள் வண்டி, உங்கள் பணம். மைலேஜுக்காக வாங்கினால்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி டயர். கம்பெனி 255/60 ஆர்18-ஐக் கழற்றிவிட்டு, எட்டு மாதத்துக்கு முன் 265/65 ஆர்18 ஆல்-டெர்ரெய்ன் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சோர்வு தொடங்கியது ஆறேழு மாதத்துக்கு முன். கணக்குப் போடுவோம். பழைய டயரின் விட்டம் 763 மில்லிமீட்டர், புதியதின் விட்டம் 802. ஐந்து சதவீதம் பெரியது. அதாவது உங்கள் எல்லா கியர்களும் ஐந்து சதவீதம் நீண்டுவிட்டன. தரையைத் தள்ளும் விசை எல்லா கியரிலும் ஐந்து சதவீதம் குறைந்துவிட்டது. உங்கள் இன்ஜினின் உச்ச முறுக்குவிசை 360 நியூட்டன்மீட்டர் 2,000-இலிருந்து 2,500 சுற்றுக்குள் கிடைக்கிறது. முன்பு சரியாக 2,000 சுற்றில் ஏற்றத்தைப் பிடித்த இடத்தில் இப்போது 1,900-இல் முக்குகிறீர்கள். ஆல்-டெர்ரெய்ன் டயர் கனமும் கூட, உருளும்போது தடையும் கூட. 'இழுக்கவில்லை' என்று நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அதை ஈடுகட்ட ஐந்து சதவீதம் வேண்டும். இன்டேக் கொடுப்பது ஒரு சதவீதம், அதுவும் கொடுத்தால்.

மைலேஜ் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. டயர் பெரிதானதால் ஓடோமீட்டர் ஐந்து சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கிறது. நீங்கள் மீட்டரைப் பார்த்துக் கணக்கிட்ட 12, உண்மையில் 12.6. காணாமல்போன ஒரு கிலோமீட்டரில் பாதிக்கு மேல் காணாமலே போகவில்லை. மீதி பத்தில் நாலு பங்குக்கு டயரின் கனமும் தடையுமே போதும். கூடவே வேகமானியும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும் என்பதை மனதில் வையுங்கள். நெடுஞ்சாலைக் கேமராவுக்கு உங்கள் டயர் கணக்கு தெரியாது. அடுத்தமுறை தேன்கனிக்கோட்டை போகும்போது கைபேசி வரைபடத்தின் தூரத்தையும் மீட்டரின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது தெரிந்துவிடும்.

டயரைத் தவிர வேறு காரணம் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களின் கிளாம்ப் அருகே எண்ணெய்க் கசிவு ஈரமாகத் தெரிகிறதா பாருங்கள். அழுத்தம் அங்கே கசிந்தால் வண்டி நிச்சயம் சோரும். பி.எஸ்.6 டீசல்களில் புகைத்துகள் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நகரத்துக்குள் மட்டும் சிறு தூரம் ஓடும் வண்டிகளில் அது அடைத்துக்கொள்ளும். நீங்கள் மாதம் இருமுறை நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்பதால் வாய்ப்புக் குறைவு, ஆனாலும் ஸ்கேனர் மாட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். ஏர் ஃபில்டரைச் சர்வீஸில் கம்ப்ரசர் காற்றால் ஊதிக் கொடுத்தார்களா, மாற்றினார்களா என்றும் கேளுங்கள். பேப்பரை ஊதினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழலாம். செம்மண் பாதைக்கு, கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. கிட் விலைக்குப் பல ஆண்டுகளுக்கான பேப்பர் ஃபில்டர் வாங்கிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க விரும்பினால், நீங்கள் காட்டிய இரண்டில் மூடிய பெட்டியுள்ளதை எடுங்கள். ஐ.எஸ்.ஓ. 5011 சோதனை எண்ணை எழுத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள். தராதவர்களிடம் வாங்க வேண்டாம். சென்சார் உட்காரும் குழாயின் உள்விட்டத்தைக் காலிப்பரால் அளந்து, கம்பெனிக் குழாயோடு மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போகிறதா பாருங்கள். தாய்லாந்தில் நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டியரிங். டி-மேக்ஸ் அங்கேதான் பெருமளவில் தயாராகிறது. ஆகவே அங்கிருந்து வரும் கிட் பொருந்துவதற்கு வாய்ப்பு அதிகம். கம்பெனிப் பெட்டியை விற்றுவிடாதீர்கள். வாரண்டி மீதமிருந்தால் சர்வீஸ் சென்டரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கின்றன. ஃபில்டர் பெட்டிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். உங்கள் டயருக்கும் இதே கேள்வி வரலாம்.

முதலில் வெள்ளைத் துணி, அடுத்து கிளாம்ப், அடுத்து நீர்க்குழாய் அளவு என்ற வரிசையில் பாருங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும், செலவும் மிகக் குறைவு. நீர்மட்ட வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர் வந்தது, அப்போது எந்த கியர், எத்தனை சுற்று என்று இங்கேயே எழுதுங்கள். முப்பதுக்கு மேல் வந்திருந்தால் தடை எங்கே இருக்கிறது என்று மேற்கொண்டு பார்ப்போம்.